நம்ம ஊர் மண்ணுக்கு ஒரு நம்பர் இருக்கு



இந்த செமஸ்டர் லீவுல ஒரு வேலை செஞ்சு பாருங்க. பெரிய செலவு இல்ல. திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டுல மூணு நாள், மூணு பஸ் ஏறணும். ஜன்னலோரம் உக்காந்துக்கிட்டு போனைப் பாக்கெட்டுல போட்டுரணும். அவ்ளோதான்.

முதல் நாள் பாபநாசம் பஸ். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம்னு போகப் போக வயலும் வாழையும் கூடவே வரும். ரோட்டை ஒட்டி எங்கயாவது ஒரு கால்வாய் ஓடிக்கிட்டே இருக்கும். ஊருக்கு ஒரு பழைய கோயில், அதைச் சுத்தி நெருக்கமா வீடுகள். தூரத்துல பொதிகை மலை.

ரெண்டாம் நாள் கோவில்பட்டி பஸ். கங்கைகொண்டான் தாண்டினதுமே பச்சை குறைய ஆரம்பிக்கும். கயத்தாறுல கட்டபொம்மன் நினைவிடம் வரும். கோவில்பட்டியில இறங்கி எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் போனீங்கன்னா மண் கறுப்பா மாறிடும். மழைக்காலம்னா கம்பு, சோளம், உளுந்து, பருத்தி. கோடைன்னா பாளம் பாளமா வெடிச்ச நிலமும் உடைமரமும்தான்.

மூணாம் நாள் திருச்செந்தூர் பஸ். ஆழ்வார்திருநகரி, குரும்பூர் வரைக்கும் ஆத்துப் பாசனம் கூட வரும். அப்புறம் திருச்செந்தூர்ல பஸ் மாறி உடன்குடி பக்கம் போனா, காத்துல குவிஞ்ச செக்கச்செவேல்னு மணல் மேடு. அதுதான் தேரி. பனை மட்டும் நெட்டுக்குத்தா நிக்கும்.

ஒரு நாள்ல போயிட்டுத் திரும்பிடலாம்ங்கிற தூரம்தான் மூணுமே. ஆனா வீடு கட்டுற விதம், சாமி, சாப்பாடு, யார்கிட்ட நிலம் இருக்கு, யார் வெளியூர் போனாங்க, எல்லாமே மாறும். ஏன்? என்னடா இவன் ஜியாகிரபி பீரியட் எடுக்கிறான்னு ஓடிறாதீங்க. விஷயம் நம்ம ஹாஸ்டல் வரைக்கும் வருது.

எங்க ரூம்ல நாலு பேர். பேரு சொல்லிக் கூப்பிடுறதே கிடையாது, ஊர்தான் பேரு. ஒருத்தன் அம்பை, ஒருத்தன் விளாத்திகுளம், ஒருத்தன் உடன்குடி. நான் ஸ்ரீவைகுண்டம். அம்பைக்காரன் தாத்தா பாபநாசம் மில்லுல வேலை பாத்தவர். விளாத்திகுளத்துக்காரன் வீட்டுல இப்பவும் வானம் பாத்த விவசாயம். உடன்குடிக்காரன் தாத்தாவுக்குக் கொழும்புல கடை இருந்துச்சு. எங்க தாத்தா குத்தகைக்கு நெல்லு போட்டவர். இன்னைக்கும் விளைச்சலை மூட்டையில சொல்ல மாட்டாரு, கோட்டையிலதான் சொல்லுவாரு. இருபத்தோரு மரக்கால் ஒரு கோட்டை.

ஹாஸ்டல்ல முதல் வாரம் எல்லாரும் எல்லார்கிட்டயும் "சொந்த ஊர் எது?"ன்னு கேக்குறோம்ல? நம்ம பக்கத்துல அந்தக் கேள்விக்குள்ள இன்னொரு கேள்வி ஒளிஞ்சிருக்குன்னு உங்களுக்கே தெரியும். ஊரைச் சொன்னா சாதி, சொத்து, படிச்ச குடும்பமா இல்லையான்னு எதிராளி மனசுல ஒரு கணக்கு ஓடும். பாதி நேரம் அந்தக் கணக்கு சரியாவும் வந்து தொலைக்கும். ஊர் பேரை வச்சு இவ்வளவு சொல்ல முடியுதுன்னா அந்தக் கணக்கை யார் போட்டு வச்சாங்கங்கிறதுதான் என் கேள்வி.

பொருளாதாரக்காரங்க இதை உலக அளவுல கேட்டிருக்காங்க. ஸ்டான்லி எங்கர்மேன், கென்னத் சோகோலாஃப்னு ரெண்டு பேர். அமெரிக்கக் கண்டத்தை எடுத்துக்கிட்டாங்க. கரும்பு விளையுற கரீபியன் தீவுகள்ல பெரிய பெரிய தோட்டம், அடிமை உழைப்பு, கொஞ்ச பேர் கையில மொத்த நிலமும். கோதுமை விளையுற வட பகுதியில சின்னச் சின்ன விவசாயிகள். மண்ணும் வானமும் எந்தப் பயிர்னு சொல்லுச்சு. பயிர் எந்த மாதிரி சமூகம்னு சொல்லுச்சு. அப்படி உருவானவங்க எழுதுன சட்டம் பல தலைமுறை நின்னுச்சுங்கிறது அவங்க வாதம். சரி, அமெரிக்காவுக்கு எதுக்குப் போகணும்? மூணு பஸ் தூரத்துல நமக்கே ஒரு லேப் இருக்கே.

நஞ்சை: ரெண்டு மழை குடிக்கிற ஆறு

தாமிரபரணி பெரிய ஆறெல்லாம் கிடையாது. பொதிகையில பொறந்து புன்னைக்காயல்ல கடல் சேர 130 கிலோமீட்டர் கூட இல்ல. ஆனா அதோட அதிர்ஷ்டம், தென்மேற்குப் பருவமழையும் அதுக்குத்தான், வடகிழக்குப் பருவமழையும் அதுக்குத்தான். அதனாலதான் கார், பிசானம்னு ரெண்டு போகம் நெல். ஆத்துக்குக் குறுக்க எட்டு அணைக்கட்டு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசியா எங்க ஊர் ஸ்ரீவைகுண்டம். இதுல முதல் ஏழும் வெள்ளைக்காரனுக்கு முந்தியே இருந்தது.

நிச்சயமான தண்ணி இருக்கிற இடத்துல நிச்சயமான உபரி இருக்கும். உபரி இருந்தா கோயில், மடம், கணக்கு, ஏடு. நிலம் பெரும்பாலும் பிராமணர், வெள்ளாளர் கையிலயும் கோயில், மடங்கள் பேர்லயும் இருந்துச்சு. சேத்துல இறங்கி நட்டு அறுத்தவங்க பெரும்பாலும் பள்ளர் சமூகத்து மக்கள், இன்னைக்கு தேவேந்திரகுல வேளாளர். அவங்களுக்கு நிலத்துல உரிமை கிடையாது. நிலத்தோட சேத்து ஆளையும் அடமானம் வச்ச காலம் அது.

1801-ல கர்நாடக நவாப்கிட்ட இருந்து நிர்வாகம் முழுசா கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்துச்சு. கம்பெனி இந்த அமைப்பைத் தலைகீழாப் புரட்டுனதா நினைக்காதீங்க. அவங்களுக்கு வேண்டியது தீர்வை. நஞ்சைத் தீர்வை புஞ்சையை விடப் பல மடங்கு. ஏற்கனவே யார் நிலத்துக்கு மேல உக்காந்திருந்தாங்களோ அவங்க பேர்லயே ரயத்துவாரிப் பட்டா. 1843-ல அடிமை முறையைக் கோர்ட்டு ஏத்துக்காதுன்னு சட்டம் வந்துச்சு. ஆனா நிலம் கை மாறல. உபரி நெல்லும் எழுத்துப் பழக்கமும் இருந்த வீட்டுப் பிள்ளைங்க இங்கிலீஷ் படிச்சு சர்க்கார் உத்தியோகத்துக்கும் வக்கீல் தொழிலுக்கும் போனாங்க. ஆறு யாருக்குச் சோறு போட்டுச்சோ அவங்களுக்கே சர்ட்டிபிகேட்டும் கொடுத்துச்சு. அறுத்தவங்களுக்கு அது வர ரொம்ப காலம் ஆச்சு.

கரிசல்: கோட்டை போய் பருத்தி வந்த கதை

கரிசல்ல வருஷம் முழுக்க ஓடுற ஆறு கிடையாது. குளமும் கண்மாயும்தான், அதுவும் மழை வந்தாத்தான். வருமானம் நிச்சயமில்லாத இடத்துல பெரிய கோயிலை விடக் கோட்டையும் காவலும்தான் முக்கியம். பாளையக்காரங்க பெரும்பாலும் கரிசல்லயும் மலையடிவாரத்துலயும் இருந்ததுக்கு இது ஒரு காரணம். வரி கேட்டு வந்த கம்பெனியோட பாஞ்சாலங்குறிச்சி மோதுச்சு. 1799 அக்டோபர் 16-ல கட்டபொம்மனைக் கயத்தாறுல தூக்குல போட்டாங்க. 1801-ல ஊமைத்துரையோட ரெண்டாவது போரும் முடிஞ்சுது. எதிர்த்தவங்க நிலம் போச்சு, ஒத்துழைச்ச பாளையங்கள் ஜமீன் ஆச்சு. 1803-ல நிரந்தரத் தீர்வைன்னு சொல்லி எட்டயபுரம் மாதிரி ஊர்களுக்கு சன்னது கொடுத்தாங்க. ஒரே கறுப்பு மண், ஆனா ரெண்டு சட்டம். ஒரு கிராமம் ரயத்துவாரி, பக்கத்துக் கிராமம் ஜமீன். இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

நெல்லுக்கு ஆகாத கரிசல், பருத்திக்கு அருமையான மண். ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். 1861-ல அமெரிக்காவுல உள்நாட்டுப் போர் வெடிச்சுது. லங்காஷயர் மில்லுகளுக்கு அமெரிக்கப் பருத்தி நின்னு போச்சு. உடனே இந்தியப் பருத்திக்கு விலை ஏறுச்சு, நம்ம 'தின்னவேலி' பருத்திக்கும் சேத்துதான். 1865-ல போர் முடிஞ்சதும் விலை விழுந்துருச்சு. விளாத்திகுளம் பக்கத்துல ஒரு சம்சாரிக்கு ஆப்ரகாம் லிங்கன் யாருன்னு தெரிஞ்சிருக்காது. ஆனா அவர் நடத்துன போர்தான் இவர் வீட்டு வரவு செலவை முடிவு பண்ணுச்சு. கரிசல் அப்போதான் உலகச் சந்தையில மாட்டுச்சு. 1876-ல ரயில் தூத்துக்குடி வரைக்கும் வந்ததும் அந்த முடிச்சு இறுகிடுச்சு. அதே வருஷம்தான் தாது வருஷப் பஞ்சமும் ஆரம்பிச்சுது. பருத்தி வெளிய போன அதே வழியில மனுஷங்களும் வெளிய போனாங்க, தூத்துக்குடி வழியா கொழும்புக்கு, தோட்ட வேலைக்கு.

மில் ஏன் பாபநாசத்துல வந்துச்சு?

இது நம்ம டிபார்ட்மென்ட் கேள்வி. பருத்தி விளையுறது கரிசல்ல. கப்பல் நிக்கிறது தூத்துக்குடியில. ஆனா 1880-கள்ல ஆண்ட்ரூ, ஃபிராங்க் ஹார்வி சகோதரர்கள் முதல்ல நூல் மில் கட்டுனது நஞ்சை நடுவுல, மலையடிவாரத்துல. ஏன்? நிலக்கரி. நம்ம பக்கம் நிலக்கரி கிடையாது, கொண்டு வந்தா விலை எகிறும். பாபநாசத்துல ஆறு மலையை விட்டு உயரத்துலேர்ந்து இறங்குது. அந்த ஹெட்டைப் பயன்படுத்தி டர்பைன் சுத்தினா எரிபொருள் செலவே இல்ல. பருத்தியை வண்டி கட்டிக் கொண்டு வர்ற செலவை விட அது லாபம். நம்ம ஹைட்ராலிக்ஸ் சார் போர்டுல போடுற அதே கணக்குதான், 140 வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் காசா மாத்திட்டான். அடுத்து தூத்துக்குடியில கோரல் மில். அதுக்கு ஆறு இல்ல, ஆனா துறைமுகம் இருந்துச்சு.

இன்னொரு பக்கம் பாருங்க. பாரதியோட அப்பா சின்னசாமி ஐயர் எட்டயபுரத்துல, பருத்திக்கு நடுவுலயே, ஆலை தொடங்கிப் பாத்தார். போட்ட முதல் எல்லாம் போச்சு. மண் அவர் பக்கம்தான் இருந்துச்சு. ஆனா மூலதனமும் மெஷினும் கப்பலும் ஹார்வி பக்கம் இருந்துச்சு.

இதை ரொம்பத் தெளிவாப் புரிஞ்சுக்கிட்ட ஆள் ஒட்டப்பிடாரத்துல பொறந்தார், 1872-ல. வ.உ.சி. பொருள் நம்மளுது, உழைப்பு நம்மளுது, ஆனா தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவுல ஓடுற கப்பல் வெள்ளைக்காரனுதுன்னா, லாபம் எங்க போகும்? 1906-ல சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. 25 ரூபாய் ஷேர் 40,000, மொத்தம் 10 லட்சம் மூலதனம். காலியா, லாவோன்னு ரெண்டு கப்பல். போட்டிக் கம்பெனி கட்டணத்தைக் குறைச்சு அடிச்சுது. 1908 பிப்ரவரி கடைசியில கோரல் மில் தொழிலாளிங்க வேலைநிறுத்தம் பண்ணுனப்போ வ.உ.சி. அவங்களோட நின்னார், கூலி உயர்வு வாங்கிக் கொடுத்தார். மார்ச்சுல கைது. திருநெல்வேலி கொந்தளிச்சுது, துப்பாக்கிச் சூட்டுல உயிர் போச்சு. கப்பல் கம்பெனியும் 1911-ல கலைஞ்சுது. பள்ளிக்கூடத்துல இதைத் தேசபக்திப் பாடமா மட்டும் படிச்சோம். ஒரு தடவை பிசினஸ் பாடமாவும் படிச்சுப் பாருங்க. சரக்கு வச்சிருக்கிறவனை விட வழி வச்சிருக்கிறவன்தான் பணம் பாக்குறான்னு 1906-லயே கண்டுபிடிச்ச மனுஷன் அவர்.

தேரி: யாருக்கும் வேண்டாத மணல்

தேரியில நெல்லும் இல்ல, பருத்தியும் இல்ல. பனை மட்டும்தான். பதநீர் சீசன் சில மாசம், மீதி நாள் பாடுதான். மரம் ஒருத்தருக்குச் சொந்தம், ஏறுறது இன்னொருத்தர். ரெவின்யூ அதிகாரிக்கு இங்க பெரிய ஆர்வம் இல்ல. அந்தக் காலி இடத்துக்குள்ள வந்தது மிஷனரிகள். 1820-ல ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தார். 1841-ல கால்டுவெல் இடையன்குடியில குடியேறுனார். அவர் மனைவி எலிசா அங்க பெண்களுக்குப் படிப்போட லேஸ் பின்னவும் கத்துக் கொடுத்தாங்க. நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம்னு ஊரே பள்ளிக்கூடத்தைச் சுத்தி வளந்துச்சு.

நாடார் சமூகத்துல பலருக்கு அந்தப் பள்ளிக்கூடம் ஒரு கதவு. இலங்கை இன்னொரு கதவு, வியாபாரம் மூணாவது. மண்ணு தராததைத் தேடி ஊரை விட்டுப் போகணும்ங்கிற கட்டாயம் ரெண்டு தலைமுறையில சிலருக்கு முதலா மாறுச்சு. நஞ்சையில இருந்தவனுக்கு அந்தக் கட்டாயம் இல்ல. உடன்குடிக்காரன் இதைக் கேட்டுட்டு, "அப்போ எங்க தாத்தா ஏழையா இருந்தது நல்லதுங்கியா?"ன்னு கேட்டான். இல்ல மாப்ள. போன எல்லாருக்கும் கடை கிடைக்கல. தோட்டத்து லயத்துலயே முடிஞ்சு போனவங்க கதையைச் சொல்ல ரூம்ல ஆள் இல்ல, அவ்ளோதான்.

மலை: இன்னும் முடியாத கணக்கு

இதெல்லாம் பழங்கதைன்னு நினைச்சா மணிமுத்தாறு அணைக்கு மேல பாருங்க. மாஞ்சோலை. 1929-ல சிங்கம்பட்டி ஜமீன் அந்தக் காட்டை பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டுச்சு. உயரமும் மழையும் தேயிலைக்கு வாகு. வேலைக்கு ஆள், கீழ நிலமில்லாத குடும்பங்கள். நாடு விடுதலை ஆச்சு, 1948 சட்டத்தால ஜமீன் ஒழிஞ்சுது, ஆனா குத்தகை ஓடிக்கிட்டே இருந்துச்சு. 1999 ஜூலை 23-ல கூலி உயர்வு கேட்டு வந்த ஊர்வலத்துல போலீஸ் தடியடி. திருநெல்வேலியில தாமிரபரணிக்குள்ள 17 பேர் செத்தாங்க. குத்தகை முடியுறது 2028. ஆனா 2024-லயே கம்பெனி கிளம்பிருச்சு. நாலு தலைமுறையா அங்கயே பொறந்து வளந்தவங்களுக்கு "சொந்த ஊர் எது?"ன்னு கேட்டா என்ன சொல்லுவாங்க? அவங்க பேர்ல அங்க ஒரு சென்ட் கூட கிடையாது.

அப்போ எல்லாம் மண்ணோட தலையெழுத்தா?

அப்படிச் சொல்லிட்டா ரொம்ப சுலபம். ஆனா நம்ம லேப்லயே அதுக்கு எதிர் சாட்சி ரெண்டு இருக்கு.

ஒண்ணு, முன்னாடி மனசுல வச்சுக்கச் சொன்னேனே, ஒரே கரிசல்ல ஜமீனும் ரயத்துவாரியும். மண் மட்டும் காரணம்னா ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கணும்? அபிஜித் பானர்ஜியும் லக்ஷ்மி ஐயரும் 2005-ல இந்தியா முழுக்க மாவட்டங்களை ஒப்பிட்டுப் பாத்தாங்க. வெள்ளைக்காரன் காலத்துல வரி வசூல் உரிமை ஜமீன்தார் மாதிரி ஆட்கள் கையில இருந்த பகுதிகள், விடுதலைக்கு அப்புறமும் விவசாய முதலீட்டுலயும் விளைச்சலிலும் பின்தங்கி இருந்துச்சு. அதாவது காகிதத்துல எழுதுன ஏற்பாடு, எழுதுனவன் போன பிறகும் வேலை செஞ்சுது.

ரெண்டு, எங்க ஊர் அணைக்கட்டு. ஸ்ரீவைகுண்டத்துல 1860-கள்ல ஆரம்பிச்சு 1870-கள்ல முடிச்ச எட்டாவது அணை. அதோட வடகால், தென்கால் பாய்ஞ்ச இடமெல்லாம் நிச்சயமான நஞ்சை ஆச்சு. மேலேர்ந்து மழை கூடல, மண்ணும் மாறல; ஒரு டிசைன் மாறுச்சு. எங்க தாத்தா குத்தகைக்கு உழுத வயல் அந்தத் தென்கால் தண்ணிதான். இரக்கப்பட்டுக் கட்டுனாங்கன்னு சொல்ல மாட்டேன், நஞ்சைத் தீர்வை வரும்னுதான் கட்டுனாங்க. தண்ணி வந்த பிறகும் தாத்தா குத்தகைக்காரராத்தான் இருந்தார். தண்ணிக்கு ஒரு டிசைன் போட்டவங்க நிலத்துக்கு வேற டிசைன் போடல. இப்போ அதே அணையிலேர்ந்து தூத்துக்குடி ஆலைகளுக்குத் தண்ணி எடுக்கிறதுல விவசாயிகளுக்கும் அரசுக்கும் வழக்கு வரைக்கும் போயிருக்கு.

கடைசியா ஒரு வேலை. வீட்டுல கேட்டு ஒரு சர்வே நம்பர் வாங்கிக்கோங்க. சொந்த நிலம் இல்லன்னா பக்கத்து நிலத்து நம்பர் போதும். அரசோட இணையதளத்துல அ-பதிவேடு எடுத்துப் பாருங்க. நன்செய்யா புன்செய்யான்னு இருக்கும். ரயத்துவாரின்னு ஒரு வார்த்தை இருக்கும். மண் வகை, தரம், தீர்வைன்னு நம்பர் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டுல யாரோ ஒரு செட்டில்மென்ட் ஆபீசர் ஆள் வச்சு ஊர் ஊரா மண்ணைக் கையில எடுத்து, கரிசல், செவல், மணல்னு பிரிச்சு, தரம் போட்டு, தரத்துக்கு வரி போட்ட முறையோட மிச்சம் அது. நம்ம மண்ணுக்கு ஒரு நம்பர் இருக்கு, அது இன்னும் அழியல.

அந்த நம்பரைப் போட்டவனும் நம்மள மாதிரி சங்கிலி பிடிச்சு, லெவல் பாத்த ஆளுதான். நாலு வருஷம் கழிச்சு நம்மள்ல சில பேர் கால்வாய்க்கு அலைன்மென்ட் போடுவோம், ரோட்டுக்கு நிலம் எடுப்போம், குழாய் எந்தப் பக்கம் போகணும்னு ரிப்போர்ட் எழுதுவோம். அந்த ரிப்போர்ட்டுல மண் வகைக்கு ஒரு காலம் கண்டிப்பா இருக்கும். அந்த மண்ணுல யார் உழுறாங்க, யார் பேர்ல பட்டா இருக்குன்னு ரெண்டு காலம் சேத்துக்க நம்மள யாரும் தடுக்கப் போறதில்ல.

பதிவேட்டைப் பாத்துட்டு உங்க ஊர் மண்ணுக்கு என்ன தரம்னு ஒரு வரி எழுதி அனுப்புங்க. அடுத்த இதழ்ல எல்லாத்தையும் சேத்து ஒரு மேப் போட்டுருவோம். விளாத்திகுளத்துக்காரன் மேப் வரைஞ்சு தர்றேன்னு இப்பவே சொல்லிட்டான்.